பத்து எம்.எம்.மில் எங்கள் வீடு

எங்கள் வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் எல்லோரும் இருந்ததில்லை. பாசத்துக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் குறைவு. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் எங்களுக்கு ஒரே அறை. சமையல், படுக்கை, ஜெபம் எல்லாம் அதற்குள்தான். வாசல் மூலையில் ஃப்ரிட்ஜ், இடது சுவரை ஒட்டி அப்பாவின் கட்டில், வலது கோடியில் அடுப்பு. எதிர்ச்சுவரில் திருஇருதய ஆண்டவர் படமும் அதன் கீழே சிவப்பு பல்பும். ஃப்ரிட்ஜில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தாலும் கட்டில் வந்தால் அடுப்பு வராது, அடுப்பு வந்தால் கட்டில் வராது.

எங்கள் தெருவில் யார் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினாலும், குடும்பம் முழுக்க வீட்டிலிருக்கும் ஆண்டவர் படத்தின் கீழே நின்று ஜெபம் சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் வாசற்படி தாண்டுவார்கள். அக்கா நர்ஸ். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் போட்டோவில் அப்பா இருக்க வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததில் ஒரு கை விழுந்துவிட்டது. கழுத்தும் அடுப்புப் பக்கம் திரும்பாது. கட்டிலை நகர்த்தலாமா என்றால், அந்த அறையில் அது ஒரே வாட்டத்தில்தான் அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அவருக்கே இஷ்டமில்லை. நான் கேமராவை எடுத்தாலே, "என்ன வுட்டுட்டு எடுங்க. இந்தக் கோலத்த யாரு பாக்கணும்?" என்று கண்ணை மூடிக்கொள்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானஸ்நானம், புதுநன்மை என்று சர்ச் விசேஷங்களுக்குப் படம் எடுக்கப் போவேன். கேமராவோடு வந்த பதினெட்டு எம்.எம். லென்ஸை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். எண் குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் அகலம் கூடும் என்பது தெரியும். கேமரா கம்பெனியே போடும் அகல லென்ஸின் விலையைப் பார்த்தேன். அதற்கு ஒரு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி வீட்டை இன்னும் குறுக்கிக்கொள்ளலாம். ஆகவே வேறு கம்பெனிக்காரர்கள் நம் கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்கிற லென்ஸ்தான் கதி.

அதில் இறங்கினால் தலை சுற்றியது. வீடியோவில் பேசுகிற ஆட்கள் எல்லோரும் அந்த லென்ஸை மலை உச்சியில் நின்று சோதித்தார்கள். ஓரத்தில் இருக்கும் மரம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்கள். என் வீட்டு ஓரத்தில் மரமில்லை, அப்பா இருக்கிறார். கட்டிலும் அடுப்பும் ஒன்றாகப் படத்தில் விழுமா என்று எந்த மகராசனும் சொல்லவில்லை.

கடைசியில் வீட்டையே அளந்தேன். கொடிக் கயிற்றில் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைப் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனேன். கடைக்கு எதிரே நடைபாதையில் கயிற்றை விரித்து, மூடிக்கிடந்த ஷட்டர் ஓரத்தை ஃப்ரிட்ஜ் மூலையாக வைத்துக்கொண்டு, கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரரையே நிற்கச் சொன்னேன். அடுப்புக்கு என் செருப்பு.

"இன்னாம்மா, வூட்டையே கட்டி இழுத்துகினு வந்துட்டியா?" என்றார். சிரித்தாரே தவிர, நகரவில்லை.

ஆட்டோ ஃபோகஸ் உள்ள பெரிய ஜூமை முதலில் மாட்டினேன். அது பன்னிரண்டில்தான் தொடங்கியது. செருப்பு விழுந்தது, கடைக்காரர் பாதிதான் விழுந்தார். அடுத்தது பத்து எம்.எம். கைக்கு அடக்கமான, குண்டு லென்ஸ். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் விலையும் கட்டுப்படியானது. கண்ணை வைத்தேன். கடைக்காரர், செருப்பு, இடையில் நடந்துபோன ஒரு மாடு, எல்லாமே உள்ளே இருந்தன. நடைபாதையில் ஒற்றைச் செருப்போடு நின்று "வுழுது! எல்லாம் வுழுது!" என்று கத்தினேன்.

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கேமராவை ஃப்ரிட்ஜ் மேலே ஏற்றி, பின்பக்கத் திரையைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து இடித்துக்கொண்டு நடந்த அந்த அறை, கோயில் மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. கட்டில், ஆண்டவர், அடுப்பு, அடுப்படியில் அம்மா, எல்லாம் ஒரே படத்தில்.

அம்மா எட்டிப் பார்த்துப் பதறினாள். "அய்யய்யோ, கலீஜ் பக்கெட்டு, கொடித்துணி எல்லாம் தெரிது! மொதல்ல அத்தெல்லாம் எட்த்து வை!"

அவள் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பியதும் நான் ஒரு படம் எடுத்து, கேமராவைக் கொண்டுபோய் அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். வழக்கம்போலக் கண்ணை மூடப் போனவர், மூடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம வூடா? கிரேன் மேல குந்திகினு பாக்குற மாதிரி கீது" என்றார். பிறகு விழாத கையின் விரலைத் திரையின் வலது ஓரத்தில் வைத்தார். அங்கே அம்மா, முதுகைக் காட்டிக்கொண்டு, குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "இவ இன்னும் இங்கதான் நிக்கிறாளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்து திரும்பாதவருக்கு அந்த அடுப்பு மூலை, பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து, வெறும் சத்தம்தான். கரண்டிச் சத்தம், தாளிக்கிற சத்தம், இருமல். ஒரே அறையில் இருந்துகொண்டு, அதன் பிறகு அம்மா சமைப்பதை அவர் பார்க்கவே இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கெட்ட எடுக்காத. எல்லாம் இருக்கட்டும்" என்றார் அப்பா. "நானும் இருக்கேன்."

அக்கா கிளம்பிய காலையில் ஜெபம் முடிந்து, அப்பாவைத் தலையணை வைத்து உட்காரவைத்தோம். ஃபோகஸை ஏற்கெனவே திருப்பி நிறுத்தி, பிசகாமல் இருக்க ஒரு டேப்பும் ஒட்டியிருந்தேன். டைமரை அமுக்கிவிட்டு ஓடிப்போய் அம்மா பக்கத்தில் நின்றேன். நான்கு பேரும் விழுந்தோம். முதல் முறையாக.

பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அகல லென்ஸின் குணம், ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டிவிடும். கட்டில் சட்டத்தின் மேல் கிடந்த அப்பாவின் விழுந்த கை, அந்தச் சூம்பிய கை, படத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நீண்டிருந்தது. கம்ப்யூட்டரில் நேராக்கலாம். நேராக்கினால் ஓரம் வெட்டுப்படும், கையே போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடமே காட்டினேன்.

அப்பா திரையை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னார். "வுடு. அப்டியே போடு" என்றார். "கிரேன் லீவர் புட்ச்ச கை. அம்மாம் பெர்சாதான் இருந்துச்சு."

அக்கா அந்தப் படத்தை அங்கே தன் ஹாஸ்டல் அறையில் ஒட்டிவைத்திருக்கிறாள். நேற்று போனில், "ரூமுக்கு வர்றவங்க எல்லாரும் மொதல்ல அப்பா கையத்தான் பாக்கறாங்க. யாரு, இன்னா வேலைன்னு கேக்கறாங்க. எங்கப்பா, கப்பல்லேர்ந்து சரக்கு தூக்குன கைன்னு சொன்னேன்" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என் பக்கம் பார்த்து, "இன்னொரு தபா சொல்லச் சொல்லு" என்றார்.