மூணாவது குட்டையின் சராசரி

தனக்கே இரண்டு வருஷம் புரியாத ஒன்றை அடுத்தவருக்கு இரண்டு மாதத்தில் புரியவைப்பதுதான் எங்கள் தொழில். எண்களை வரிசையாக அடுக்கி நொடியில் கணக்குப் போட, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருக்கும் நூலகம் நம்பை (NumPy). அதைப் பாடம் நடத்தத்தான் ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறுகிறேன். இதே பாவத்தைச் செய்யும் சக வாத்தியார்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பூஜ்ஜியமாவது வண்டி

நம்பையில் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும் என்றேன். என் மாணவன் நெல்லிக்குப்பத்துப் பெஞ்சமின், அப்பாவின் கரும்பு டிராக்டர் ஆலை வாசலில் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். முதலில் நிற்பது பூஜ்ஜியமாவது வண்டி என்று அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினான்.

"ஒத்துக்கறேன் சார். ஆனா எங்கப்பாகிட்ட வந்து, 'உங்களுது பூஜ்ஜியமாவது வண்டி'ன்னு நீங்களே சொல்லிட்டுப் போயிடுங்க."

காலிக் கட்டம்

அதே வகுப்புக்கு வரும் கலைச்செல்வி அக்காவுக்கு பிச்சாவரம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் வேலை. நான்கு குட்டைத் தண்ணீரிலும் தினமும் ஆக்சிஜன் அளந்து நோட்டில் எழுதுவார். மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் அறிக்கை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி கெடு வைத்துவிட்டார்.

மழையில் ஒரு நாள் அளக்கவில்லை. அந்த ஒரு காலிக் கட்டத்துக்காக, மாதச் சராசரியே கிடையாது என்று நம்பை கையை விரித்தது. காலியை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடத் தனிக் கட்டளை உண்டு, சொல்லாவிட்டால் அது இப்படித்தான் என்றேன்.

"ஒருத்தர் லீவு போட்டா மொத்தக் கம்பெனிக்கும் பூட்டா சார்?"

என் கைவரிசை

மறுநாள் கெடு. அவரைவிட எனக்குத்தான் பதற்றம் ஜாஸ்தி. கீபோர்டைப் பிடுங்கி நானே எழுதினேன். அருமையான சராசரி வந்தது. "தண்ணி சூப்பர்க்கா, அனுப்பிடுங்க" என்றேன்.

அவர் அனுப்பவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, நான் எழுதிய வரியில் 'ஆக்சிஸ்' என்பதைச் சேர்த்தார். குட்டைவாரியாகப் பிரித்துக் கணக்கிடு என்று சொல்ல அது வேண்டும். மறக்காதீர்கள் என்று முதல் வாரமே மிரட்டியவன் நான். இப்போது ஒரு எண்ணுக்குப் பதில் நான்கு வந்தன. மூன்று நன்றாக இருந்தன, ஒன்று படுமோசம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாலையும் கலந்தா நல்லாத்தான் சார் இருக்கும். எறா செத்து மெதக்கறது மூணாவது குட்டையில. காலைல நான்தானே அள்ளிப் போட்டேன்."

நான்கு எண்களோடும் அறிக்கை போனது, அக்காவின் வேலை தப்பியது. அடுத்த ஞாயிறு ஆக்சிஸ் பாடத்தை நடத்தியவரும் அவரே, பூஜ்ஜியமாவது பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தவன் நான்.