மேடைக்கடியில் மரத்தூள்

மரம் குடித்த எண்ணெய், மில் மூடிய பிறகும் எரியுமா? யார் யாரிடமோ கேட்டுவிட்டேன். இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தேங்காயெண்ணெய் மில். எழுபதுகளின் கடைசியில் மூடி, அப்படியே கிடந்ததை, போன வருடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து கலாமன்றமாக மாற்றினார்கள். என் கணவரும் கமிட்டியில் இருந்தார். இயந்திரங்களை எடுத்துவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளையைத் தாண்டி மஞ்சள் திட்டுகள் எழுந்தன. கீழே ஒரு கடை; பலகைத்தளம் போட்ட மாடியில் மேடை. திறப்பு விழாவுக்கு முன்பே அங்கே குழந்தைகளுக்கு நடன வகுப்பு தொடங்கிவிட்டது. ஏறி இறங்க ஒரே மரப்படி.

என் ஏழு வயது மகளின் பாவாடை விளிம்பு ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பிசுபிசுத்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் சிக்கு வாடை போகவில்லை. வெயில் ஏறினால் அந்தப் பலகைகள் வியர்த்தன.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மேடையைத் துடைக்கப் போனோம். மேடைக்கடியில் சாக்கு மூட்டைகள். ஒன்றைத் தொட்டேன், கையெல்லாம் எண்ணெய். உள்ளே மரத்தூள். எண்ணெயை உறிஞ்சத் தரையில் தூவியதைக் கூட்டி அள்ளி, அப்படியே அடைத்திருந்தார்கள்.

"ஏன்னா, இது எதுக்கு?"

"குதிக்கற சத்தம் கீழ கடைக்குக் கேக்கப்படாதோன்னோ? என் ஐடியாதான்" என்றார் கணவர்.

"இதுக்கு மேலயா விளக்கு ஏத்தப் போறேள்?"

கமிட்டிக் காரியதரிசி சிரித்தார். "சேச்சி, மில்லு ஓடின காலத்துல பணிக்காரங்க இவிட பீடி வலிச்சிருக்காங்க. பேடிக்கண்டா, ஒண்ணும் பயப்பட வேண்டாம்."

"இவ அடுப்பு மூட்டறச்சேயே தீக்குச்சிய முழம் தள்ளிப் பிடிப்பா" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மழைக்காலத்தில் அடுப்பு பிடிக்காவிட்டால் எண்ணெய் கலந்த மரத்தூளைத்தான் நான் போடுவேன்.

விழாவன்று ஈரச்சாக்கு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு மேடையோரமாக நின்றேன். மகள் ஆடியதைப் பார்க்கவில்லை. மேடைமேல் ஏற்றியிருந்த குத்துவிளக்கின் திரிகளையே பார்த்தேன். அவள் குதித்தபோதெல்லாம் சுடர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

அதனால்தான் இப்போது என் பேச்சு எடுபடுவதில்லை. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் அதே இடத்தில் விளக்கு. மூட்டைகளும் அங்கேயே. கோடை வருகிறது. என் மகளை மட்டும் நிறுத்தினால் மற்றக் குழந்தைகள் அங்கேதான் ஆடுவார்கள். அவர்களுடைய அம்மாக்களிடம் சொன்னால், கணவரை நாலு பேர் முன்னால் குற்றம் சொன்னதாகும். ஒருவேளை எனக்குத்தான் வீண் பயமோ?

என் இடத்தில் நீங்கள் இருந்தால் முதலில் யாரிடம் போவீர்கள், என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.