கத்திரி வெயிலில் ஓர் அறை

என் அப்பா தெருநாயைக்கூட அதட்ட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு கத்திரி வெயில் மதியத்தில் என் சித்தப்பாவைக் கன்னத்தில் அறைந்தார்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஓடியது ஒரே ஒரு டேபிள் ஃபேன். கோடம்பாக்கத்தில் விடிய விடிய ஷூட்டிங்குக்கு லைட் பிடித்துவிட்டு வந்த சித்தப்பா அதன் முன்னால் படுத்திருந்தார். தி.நகர் பாத்திரக் கடையிலிருந்து அப்பா சாப்பாட்டுக்கு நடந்தே வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படுடா."

"இப்பதான்ணா கண்ணு அசந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்து கேட்டது அறை விழுந்த சத்தம்.

சித்தப்பா எழுந்து பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு வெளியே போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினார். அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "நீயும் சித்தப்பாகூடப் போ."

"எங்க சார் போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"எங்கயாவது போப்பா."

அவர் கண்ணாடியில் சித்தப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். "அப்போ பெசன்ட் நகர் போலாம் சார். இங்க வெயிலு மண்டய பொளக்குது."

கடற்காற்று அன்று வெகு தாமதமாகத்தான் வந்தது. அதுவரை பூட்டிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு குச்சி ஐஸ் தின்றேன். காற்று வந்ததும் அவர் சட்டை காய்ந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டு, "வா, அம்மா தேடுவாங்க" என்று எழுந்தார்.

கடைக்குத் திரும்பிப் போகாமல் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சித்தப்பாவே முந்திக்கொண்டார். "விடுண்ணா. அடிச்சது நீ இல்ல, கத்திரி வெயிலு."

எல்லோரும் சிரித்தோம். சமையலறையிலிருந்து அம்மா குரல் மட்டும் வந்தது. "அதே வெயில்லதான் காலையிலேர்ந்து அடுப்பு முன்னாடி நிக்கிறேன். நான் யாரை அடிச்சேன்?"

அதற்கும் நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான்டா" என்றார்.

அதன்பின் எத்தனையோ கத்திரி வந்தது, எத்தனையோ நாள் கரண்ட் போனது. எதற்காவது அப்பாவின் குரல் ஏறத் தொடங்கினால், பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். கொல்லைக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, ஈரம் காயும்வரை அங்கேயே நிற்பார். பிறகு வந்து, விட்ட இடத்திலிருந்து மெதுவாகப் பேசுவார். அவர் கை ஓங்கி நான் மறுபடி பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் நான் சொல்லித் திரிந்தேன்: "எங்க அப்பாவுக்கு வெயிலே தாங்காதுடி."