ஆர்லனின் துப்பாக்கிகளை யார் எடுத்துப்போவது

வெர்னா ஹால்வர்சனிடம் யாராவது துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால், "கருத்து எங்கிட்ட இல்ல. ஒத்தாசை பண்ணுங்க, இல்லேன்னா வழிய விடுங்க" என்பாள். எங்கள் ஊரில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நான் அதே பள்ளியின் சமையற்கட்டில் வேலை செய்கிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னிடம் வந்து ஒரு காபி குடிப்பாள். இந்தக் கதையில் பாதி அந்தக் காபி நேரத்தில் அவள் சொன்னது, மீதி நானே பார்த்தது.

அவள் துப்பாக்கிக்கு விரோதி இல்லை. மொன்டானாவில் பிறந்தவள், இலையுதிர்காலம் வந்தால் மலைக்குப் போய் எல்க் மான் அடித்து, அந்தக் குளிர்காலத்துக்கான இறைச்சியைத் தன் கையாலேயே கொண்டுவருபவள். அவள் கணவன் ஆர்லன் அவளைவிட ஒரு படி மேல். வேட்டைக்குப் போக வயது வந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம், துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் நீட்டவே கூடாது என்று பல வருடம் சொல்லிக்கொடுத்தவர். வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறைய ரைஃபிள்கள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி, கட்டில் பக்கத்து இழுப்பறையில் ஒரு ரிவால்வர். இங்கே அது அதிசயமில்லை. என் வீட்டிலும் உண்டு.

ஆர்லனுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் வழி. பில்லிங்ஸ் நகரத்தில் மருத்துவர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, இனி இது கூடத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பினார்.

ஒருநாள் காலைப் பேருந்து நடை முடிந்து வெர்னா வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்திருக்கிறாள். எதிரே ஆர்லன், கையில் இரட்டைக்குழல். அதன் வாய் அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு நீ? என் வீட்ல உனக்கென்ன வேலை?"

"காபி போட வந்திருக்கேன், ஆர்லன்."

அவர் யோசித்தார். "எனக்குச் சர்க்கரை வேணாம்" என்று துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். வெர்னா காபி போட்டாள், அவருக்குக் கொடுத்தாள், தோட்டாக்களை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். அந்தத் துப்பாக்கிகள் வீட்டைவிட்டுப் போகவேண்டும். கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! அவளே எடுத்துப்போய்க் கொடுக்கலாமென்றால், ஆர்லனுக்குத் தெரியாமல் அவர் துப்பாக்கியை வாங்கிவைக்க ஊரில் யாரும் தயாராயில்லை.

அலமாரிக்குப் பூட்டு மாற்றினாள். ஆர்லன் திருப்புளி எடுத்துக் கீலையே கழற்றிவிட்டார். மனைவி பெயரை மறந்த மனுஷனுக்குக் கீல் கழற்ற மறக்கவில்லை. தோட்டாக்களை ஒளித்தாள். அவர் கடைத்தெருவுக்கு நடந்துபோய்ப் புதுப் பெட்டி வாங்கிவந்தார். கடைக்காரரிடம் போய் அவள் சண்டை போட்டாள். இத்தனை காலத்து வாடிக்கையாளரிடம், நாலு பேர் எதிரில், உனக்குப் புத்தி சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அப்புறம் போலீசிடம் போனாள். துணை ஷெரிஃப் கோல்பி சின்ன வயதில் அவள் பேருந்தில் போய்வந்த பிள்ளை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்குப் புரியுது, மிஸஸ் ஹால்வர்சன். ஆனா அவர் இன்னும் ஒண்ணும் பண்ணலையே. அவர் சொத்துல நான் எப்படிக் கைவைக்கிறது?" என்றான். அவர் ஏதாவது பண்ணின பிறகு உன்னை யார் கூப்பிடுவது என்று அவள் கேட்டாள்.

சியாட்டிலில் இருக்கும் மகள் கிர்ஸ்டனுக்கு ஃபோன் செய்தாள். இந்த நாட்டுக்கே பைத்தியம் பிடித்திருக்கிறது என்று மகள் அரைமணி நேரம் பேசினாள்; சாயங்காலம் படிக்கச் சொல்லிக் கட்டுரைகளும் அனுப்பினாள். ஆர்லனின் தம்பி டுவேன் வேறு மாதிரி. வண்டிக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்து தொப்பி வரை துப்பாக்கி உரிமைதான் அவன் பேச்சு. "உயிரோட இருக்கிற ஆம்பளைகிட்ட இருந்து துப்பாக்கிய பிடுங்கினா அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்கும், வெர்னா? இன்னிக்கு அண்ணன்கிட்ட, நாளைக்கு எங்கிட்ட" என்றான். "உங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் இவள். அது அவன் காதில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைச் சில காலம் எடுத்துவைக்கலாமா என்று ஒரு மசோதா. எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் மக்கள் கருத்தைக் கேட்க வந்திருந்தார். ஒரு பக்கம் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் ஆரஞ்சுச் சட்டைகள், மறுபக்கம் டுவேன் வகையறா. நானும் வெர்னாவோடு போனேன். இரண்டு மணி நேரம் அரசியல் சாசனத்தைத் தூக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போட்டார்கள். கடைசியில் ஒலிவாங்கி வெர்னாவிடம் வந்தது.

துப்பாக்கி இல்லாமல் தான் வளரவில்லை என்று ஆரம்பித்தாள். டுவேன் பக்கம் கை தட்டியது. தன் கணவன் தன் மேலேயே நீட்டினார் என்றாள். ஆரஞ்சுச் சட்டைகள் தட்டின.

"தட்டாதீங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நாளைக்குக் காலைல யாரு வந்து அதை எடுத்துட்டுப் போறீங்க?"

உறுப்பினர் அவளுடைய துணிச்சலைப் பாராட்டினார். அடுத்தவர் பேச எழுந்தார். கூட்டம் கலைந்ததும் ஆரஞ்சுச் சட்டைப் பெண் ஒருத்தி, இதையே ஒரு வீடியோவில் சொல்ல முடியுமா என்று கேட்டாள். எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் துண்டுப்பிரசுரம் நீட்டினார். வண்டியில் ஏறியதும் வெர்னா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அடித்தாள். "ஒரு அலமாரிய காலி பண்ணுங்கடான்னா நாட்டையே தூக்கி நிறுத்துறானுங்க" என்றாள்.

மறுநாள் அவள் டுவேனிடம் வாதாடவில்லை. தான் வண்டி ஓட்டும் நேரத்தில் அண்ணனோடு ஒரு நாள் உட்கார்ந்திரு என்று மட்டும் கேட்டாள். அதை அவனால் மறுக்க முடியவில்லை. கிளம்புமுன் ரிவால்வரின் தோட்டாக்களையும் எடுத்து ஒளித்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் திரும்பினால், கூடத்தில் டுவேன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் ரத்தமே இல்லை. எதிர் நாற்காலியில் ஆர்லன், முழங்கால்மேல் ரிவால்வர்.

"இந்த ஆள் மாடு வாங்க வந்திருக்கான். மாடு இல்லன்னு சொன்னா போகமாட்டேங்கிறான்" என்றார் ஆர்லன். "என் தம்பி டுவேன் வரட்டும்னு உக்கார வெச்சிருக்கேன். அவன் வந்தா இவன் ஆட்டம் பலிக்காது."

மத்தியானத்திலிருந்து இப்படித்தானாம். எழ முயன்றபோதெல்லாம் ரிவால்வர் எழுந்திருக்கிறது. நடுநடுவே, தம்பி எவ்வளவு தைரியசாலி என்று அவனிடமே கதை சொல்லியிருக்கிறார்.

வெர்னா பக்கத்தில் போய், சாப்பாட்டு நேரமாயிற்று, கையைக் கழுவுங்கள் என்று சொல்லி ரிவால்வரை வாங்கிக்கொண்டாள். அவர் குளியலறைக்குப் போனதும், "பயப்படாத. உள்ள ஒண்ணும் இல்ல, காலைலயே எடுத்துட்டேன்" என்று காட்டுவதற்காகத் தோட்டா உருளையைத் திறந்தாள்.

நிறைந்திருந்தது.

எங்கிருந்து எடுத்துப் போட்டார் என்று கடைசிவரை தெரியவில்லை. தான் கெட்டிக்காரத்தனம் பண்ணுவதாக நினைத்து டுவேனை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததைச் சொல்லும்போது வெர்னாவுக்கு இன்றைக்கும் குரல் இறங்கிப்போகும்.

ஆர்லன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் டுவேன் தன் பிக்கப் வண்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தான். ரைஃபிள்களையும் இரட்டைக்குழலையும் ரிவால்வரையும் போர்வையில் சுற்றி அவனே ஏற்றினான். வெர்னாவின் வேட்டைத் துப்பாக்கியும் அதில் போயிற்று. பிறகு ஆர்லன் தினமும் தேடுவார். டுவேன் வேட்டைக்கு எடுத்துப்போயிருக்கிறான் என்பாள். "அவன் சுத்தம் பண்ணவே மாட்டானே" என்று முணுமுணுத்தபடி விட்டுவிடுவார். அடுத்த வருடம் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். அங்கேயே தூக்கத்தில் போனார்.

டுவேன் திருந்திவிட்டான் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. மசோதா தலைநகரில் நிறைவேறவே இல்லை. அதைக் கொண்டாடிய கூட்டத்தில் அவன்தான் முதல் வரிசை. அன்று நடந்ததை ஒருமுறை அங்கே சொல்லேன் என்று வெர்னா கேட்டிருக்கிறாள். அது குடும்ப விஷயம் என்றுவிட்டான்.

போன வசந்தத்தில், மகன் சாகப்போவதாகப் பேசுகிறான் என்று ஊர்க்கோடியிலிருந்து ஒருத்தி வெர்னாவைத் தேடி வந்து அழுதாள். வெர்னா டுவேனுக்கு ஃபோன் போட்டாள். அவன் அந்த வீட்டுத் துப்பாக்கிகளையும் கொண்டுபோய்த் தன் கொட்டகையில் பூட்டினான். இப்போது அங்கே அவனுடையதோடு சேர்த்து மூன்று வீட்டுச் சாமான் இருக்கிறது.

"இதைத்தானேடா அந்தச் சட்டமும் சொல்லுச்சு?" என்று என் எதிரிலேயே கேட்டாள்.

"அது சட்டம். இது நான் பண்றது. ரெண்டும் ஒண்ணா?" என்றான் அவன்.

"அப்போ நீ ஊர்ல இல்லாத அன்னிக்கு?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினான். வெர்னா என்னைப் பார்த்தாள்.