படலைக்கு வெளியே ஒரு கதிரை

பிள்ளைகளே, பெரியப்பாவின் வாயைக் குறை சொல்லாதீர்கள். அப்பா இன்று உங்களோடு இருந்து சோறு சாப்பிடுவதற்கு அந்த வாயும் ஒரு காரணம்.

சின்ன வயதிலிருந்தே எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அது சிறுநீரகத்தையும் பழுதாக்கிவிட்டது. விபத்தில் இறந்துபோன, முகம் தெரியாத ஒருவரின் சிறுநீரகத்தையும் கணையத்தையும் அவருடைய வீட்டார் எனக்குத் தந்தார்கள். ஊசி போடாமல் சோறு சாப்பிட்ட முதல் நாள் அவர்களை நினைத்து அழுதேன். ஆனால் புது உறுப்புகளை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் குடிக்கும் மருந்துக் குளிசைகள், கிருமியோடு சண்டை பிடிக்கும் பலத்தையும் குறைத்துவிடும். ஆட்களோடு நெருங்க வேண்டாம் என்று சொல்லித்தான் வைத்தியர் விசுவமடுவிலுள்ள நம் வீட்டுக்கு அனுப்பினார்.

வருத்தம் பார்க்க வருகிறவரை நம் ஊரில் யார் மறிப்பார்கள்? உங்களில் மூத்தவள் மறித்தாள். இருமலோடும் வாழைப்பழச் சீப்போடும் வந்த என் அண்ணனிடம், "பெரியப்பா, உள்ளுக்கு வராதேங்கோ. அப்பாவுக்குத் தொற்றிப்போடும்" என்றாள்.

"நான் என்ன பேயோடி?" என்று சீப்பை வாசல் படலையில் கொழுவித் தொங்கவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் பின்னேரம் வெளியே நின்று கத்தினார்.

"டேய், இருக்கிறியோ?"

"இருக்கிறன் அண்ணை. எமனையும் இவள் படலையிலதான் மறிச்சு வைச்சிருக்கிறாள். உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கிறான், பாருங்கோ."

பிறகு தினமும் இதே கதைதான்: அவர் கூப்பிடுவார், நான் ஒரு பகிடி சொல்லிச் சிரிப்பேன். ஒரு பின்னேரம் அவர் கூப்பிட, "ஓம்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"பிள்ளை, உன்ர அப்பா ஏன் பகிடி விடேல்லை? காய்ச்சலோ பார்."

இளையவள் பார்த்தாள். "காய்ச்சல் இல்லைப் பெரியப்பா."

"இல்லாட்டி என்ன? அவன்ர குரல் சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்கச் சொல்லு அம்மாட்ட."

அம்மா எடுத்தார். இந்தக் குளிசை குடிப்பவருக்குத் தொற்று வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம், உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். வாகனம் பிடித்துத் தந்தவரும் பெரியப்பாதான். இருமல் விடவில்லை என்று தான் மட்டும் ஏறவில்லை. சிறுநீரில் பிடித்த கிருமி இரத்தம்வரை போயிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் இரண்டு உறுப்பும் போயிருக்கும் என்றார் வைத்தியர்.

வீடு திரும்பிய மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள், அம்மா கடைக்குப் போயிருந்தார். குசினியில் சமையல் மேசையருகே கிடந்த பிளாஸ்டிக் கதிரையை மெல்ல இழுத்துக்கொண்டு போய், படலைக்கு வெளியே, அண்ணன் நின்று கத்தும் இடத்தில், வேம்பின் நிழலில் வைத்தேன். ஆடியது. ஒரு காலுக்குக் கீழே ஓட்டுத் துண்டொன்றைச் செருகிவிட்டு உள்ளே வந்தேன்.