கண்டி ஸ்டேசனில் ஒன்றரை மணி நேரம்

அம்மா இருந்தாள், மாமா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை. அக்காவும் இல்லை. அக்கா பிள்ளை பெற்றுப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியே வரக்கூடாது. அவள் வராததற்குக் காரணம் அது. அப்பா வராததற்குக் காரணம் நான்.

அம்மா இந்தியாவுக்குப் புறப்பட்ட நாள் அது. நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் புசல்லாவைக்கு மேலே. திருச்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரியமாமா எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்று கடிதம் வந்திருந்தது. இரண்டு மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. துணைக்கு அம்மாவின் தம்பி, எங்கள் சின்னமாமா, போகிறார். நான் அப்போது கண்டியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று போனவன் நான் ஒருவன்தான். அதனால் கடிதம் வாசிப்பது, பதில் எழுதுவது, டிக்கட் எடுப்பது எல்லாம் என் தலையில். வெள்ளிக்கிழமை பின்னேரம் தோட்டத்துக்குப் போய், மறுநாள் அவர்களைக் கண்டிக்குக் கூட்டி வந்து கோச்சி ஏற்றிவிட வேண்டும்.

தோட்டத்தில் இருந்து பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து ஆபீசில் தொங்கிய மணிக்கூடு ஊர் நேரத்துக்கு அரைமணி முந்தி ஓடும். பழுதாகி அப்படி ஓடவில்லை. துரை அப்படித்தான் வைத்திருந்தார். வெயில் ஏறுமுன் ஆட்களைப் பெரட்டுக்களத்துக்கு வரவழைத்து, பேர் பதிந்து, வேலைக்கு விட அது தோதாக இருந்தது. தோட்டத்தில் ஆறு என்றால் கீழே ரோட்டில் ஐந்தரை. தப்பு அடிக்கிற சத்தம் கேட்டு எழும்பி, மணிச் சத்தம் கேட்டு வேலையை விடுகிற சனத்துக்கு இதனால் ஒரு சங்கடமும் இல்லை. பஸ் பிடிக்கப் போகிற நாளில் மட்டும்தான் இரண்டு நேரமும் ஒன்றோடொன்று முட்டும்.

பஸ் ரோட்டு நேரத்துக்குப் பத்தரை. கண்டியில் கோச்சி ஒன்றரை. “தோட்டத்து மணி பதினொன்னுக்கு ரோட்ல நிக்கணும்” என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலையை வெட்டிக் குறைக்கிற அந்த வேலைக்கு ஆளுக்கு இத்தனை செடி என்று கணக்கு; கணக்கை முடித்தால் இறங்கிவிடலாம். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. “பத்தரைக்குள்ள வெட்டி முடிச்சிட்டு குறுக்குப் பாதையில எறங்கி வந்துருவேன். பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் மறுவேலை” என்று சொல்லிவிட்டு, விடியுமுன்னே கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா போன பிறகு நான் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. தோட்டத்து மணி அரைமணி கூட, ஆகவே பத்தரையிலிருந்து அரைமணியைக் கழிக்க வேண்டும், பத்து. எழுதிப் பார்த்தபோது அவ்வளவு சரியாக இருந்தது.

“மாமா, பதினொன்னு இல்ல, பத்து. நீங்க சொல்றபடி போனா பஸ் போயிரும்.”

“நாங்க எப்பவும் பதினொன்னுக்குத்தானே போவோம்?”

“எப்பவும் ஓடிப்போய்த்தானே புடிப்பீங்க?”

மாமா மூட்டைக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அம்மா, “தம்பி எழுதிப் பாத்துத்தானே சொல்லுது. கெளம்புங்க” என்றாள். உள்ளேயிருந்து அக்கா, “அப்பா வரணுமேடா” என்று கத்தினாள்.

“அப்பாவுக்காகக் கோச்சி நிக்காது” என்றேன். இந்த வாக்கியத்தை நான் இன்றைக்கு எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்.

ரோட்டுக்கு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது. என் கணக்கு பலித்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அம்மா ஓரத்து ஆசனத்தில் உட்கார்ந்து, வளைவு திரும்பும் வரைக்கும் குறுக்குப் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மூட்டைகளை எண்ணினேன். நாலு.

கண்டி ஸ்டேசனுக்குள் நுழைந்ததும் மாமா அண்ணாந்து பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, மணி பார்க்கத் தெரியும்.

“மருமகனே, அங்க பாருங்க. எத்தனை மணி?”

பன்னிரண்டு.

“கோச்சி எத்தனைக்கு?”

“ஒன்றரை.”

“அப்ப நம்ம வந்தது முந்தின பஸ்ஸு.” கொஞ்சம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. “ஏன் மருமகனே, ஒங்க பள்ளிக்கூடத்துல கழித்தல் மட்டுந்தான் சொல்லித் தாராங்களா? கூட்டல் அடுத்த வருசமா?”

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் குலுங்கிச் சிரித்தாள். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். அப்புறம் எனக்காக, “போடா, கேலி பண்ணாத. பிந்தி வந்தாத்தான் தப்பு. முந்தி வந்தா நல்லதுதானே” என்று மாமாவை அதட்டினாள்.

தோட்டத்தில் பத்தரை என்று மணிக்கூடு காட்டும்போது ரோட்டில் பத்துத்தான். ஒரு சின்னப் பையனுக்கும் விளங்கும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து, அப்பாவிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து கண்டி ஸ்டேசனில் இறக்கியிருந்தேன்.

அம்மா மூட்டை மேல் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“தம்பி, ஒன் பள்ளிக்கூடம் இங்கேருந்து தூரமா?”

“கால் மணி நேரம் நடக்கணும்.”

“வகுப்புல நீ ஒக்கார்ற வாங்குப் பலகையப் பாத்துட்டு வந்துருவமா?”

“இன்னைக்கு சனிக்கிழமைம்மா. பூட்டியிருக்கும்.”

“சன்னல் வழியாப் பாத்தாப் போதும். இந்தா, இதுதான் என் புள்ள எடம்னு தெரிஞ்சாச் சரி.”

மாமா, “போயிட்டு வாங்க, மூட்டைய நான் பாத்துக்கிறேன். எனக்கு வெத்தல இருக்கு, பொழுது போயிரும்” என்றார்.

அம்மாவோடு என்னை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று நான் கூசியதாக யாரும் நினைக்க வேண்டாம். அப்படி ஒரு கூச்சம் எனக்கு இருந்ததில்லை. இருந்திருந்தால் அதைச் சொல்லி அழவாவது ஒரு வழி இருந்திருக்கும். உண்மை இதைவிட அற்பமானது. நான் தங்கியிருந்த அறையில், சுவரில், ஒரு நேர அட்டவணை ஒட்டி வைத்திருந்தேன். காலை நாலரையிலிருந்து ராத்திரி பத்து வரை எந்த அரைமணிக்கு எந்தப் பாடம் என்று சிவப்பு மையிலும் நீல மையிலும் எழுதியது. சனிக்கிழமை பகல் கேத்திர கணிதம். கோச்சி ஏற்றிவிட்டு இரண்டு மணிக்கு ஆரம்பிப்பதாகத் திட்டம். ஒரு மணி நேரம் வீணாய்ப் போனதென்றால் அதை எங்கேயாவது மீட்டெடுக்க வேண்டும் என்று தோன்றியது. புத்தகம் பையில் இருந்தது.

“கோச்சி முந்தி வந்தாலும் வரும்மா. இங்கேயே இருப்போம்” என்றேன்.

கோச்சி முந்தி வராது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அம்மா நம்பினாள். அல்லது நம்பியது போல இருந்தாள்.

புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன, கூடாரமா?”

“முக்கோணம்.”

“இதப் படிச்சா என்ன வேல குடுப்பாங்க?”

“கிளாக்கர் வேலை.”

“கிளாக்கருக்கு எதுக்கு மருமகனே கூடாரம்?” என்று மாமா கேட்டார்.

அம்மா சிரித்தாள். “ஒவ்வொன்னையும் பேரு சொல்லிக் காட்டு தம்பி, நானும் கேட்டுக்கிறேன்” என்றாள்.

“பேசாம இரும்மா. மனசுல நிக்காது.”

அதன்பிறகு அவள் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள், எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா என்று எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அம்மா என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று அக்கா பிறகு ஒரு நாள் கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் ஏன் சமம் என்பதை இப்போது கேட்டாலும் படம் கீறி நிறுவிவிடுவேன். அதை அந்த வாங்கில் இருந்துதான் படித்தேன்.

ஒன்றேகாலுக்கு டிக்கட் எடுத்தேன். கோச்சி வந்தது. ஏற்றினேன். பொல்கஹவெலையில் இறங்கி மாற வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். மாமா, “நாலாந்தரமும் சொல்லுங்க, பாடமாயிரும்” என்றார். அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவ காட்டு, தம்பி” என்றாள்.

“சரி சரி, உள்ள தள்ளி ஒக்காரு” என்றேன். புகைத்தூள் கண்ணில் விழுமே என்ற கவலை எனக்கு.

திரும்பிப் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம். கேட் திறந்திருந்தது. தோட்டக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். வகுப்புச் சன்னல்களும் திறந்திருந்தன. நான் நடையை எட்டிப் போட்டேன். இரண்டு மணிக்குள் அறைக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, “பள்ளிக்கூடத்தப் பாத்துச்சா?”

“நேரம் இல்லப்பா.”

“அப்படியா?” என்றார். பிறகு, “அதுக்காகத்தானே கண்டி வழியாப் போகணும்னு நின்னுச்சு. கம்பளை ஸ்டேசன்ல ஏறியிருந்தா எவ்வளவு கிட்ட” என்றார்.

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் கண்டிக்குத் திரும்ப வேண்டியவன் என்பதால் அந்த வழி என்று நினைத்திருந்தேன்.

அன்று அப்பா பத்தரைக்கே வெட்டி முடித்து ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். தோட்டத்து நேரத்துக்குப் பதினொரு மணி பஸ் வந்து நின்று, ஆள் ஏறி, போயும் விட்டது. முந்தின பஸ்ஸில் போய்விட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “படிச்ச புள்ள கணக்குப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கு, சரியாத்தான் இருக்கும். நாந்தான் இன்னுங் கொஞ்சம் சுருக்கா எறங்கியிருக்கணும்” என்றார். கணக்குப் பிழை என்று நான் அப்போதும் சொல்லவில்லை. மாமா அங்கே இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருப்பார். அவர் அம்மாவோடு ஊரில் இருந்தார்.

இரண்டு மாதம் என்றது ஆறு மாதமாயிற்று. அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். நீயும் அப்பாவும் வந்து கூட்டிப் போனால் மெல்ல வந்துவிடுவேன் என்று அம்மா சொல்லி யாரோ எழுதிய கடிதம். நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கிழமையே அப்பா பணத்தைப் புரட்டி என் கையில் தந்துவிட்டார். “எப்பப் போவம்?” என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்ததும், பெறுபேறு வரட்டும், இந்த நேரத்தில் இங்கே இல்லாவிட்டால் சரியில்லை என்றேன். பெறுபேறு நல்லபடி வந்தது. ஒரு தோட்டத்து ஆபீசில் தற்காலிகமாக வேலை கிடைத்தது. நிரந்தரமாகும் வரை லீவு கேட்கக்கூடாது என்றேன். பதில் எழுதுகிறவன் நான் என்பதால், ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று எழுதியதும் நான்தான். எனக்கு அதில் பொய் சொல்கிற உணர்ச்சியே இருக்கவில்லை. அந்த அடுத்த மாதத்தில்தான் நான் ஏற்கெனவே குடியிருந்தேன். இந்த மாதம் என்று ஒன்று கழிந்துகொண்டிருந்தது எனக்குக் கண்ணிலேயே படவில்லை.

நிரந்தரக் கடிதம் கைக்கு வந்த மறு கிழமை தந்தி வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாகக் கிடந்த பெரியமாமா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். கருமாதிக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, அம்மாவுக்குச் சிற்றப்பா மகள் முறை, என் கையைப் பிடித்து உட்கார்த்தி வைத்துக்கொண்டாள்.

“ஒன் பள்ளிக்கூடத்தப் பத்திச் சொல்லாத நாள் கெடையாதுப்பா. நீ ஒக்கார்ற வாங்கு சன்னலோரமாமே? அங்கேருந்து பாத்தாக் கொளம் தெரியுமாமே? நீ கூட்டிட்டுப் போயி, ஒக்காரவச்சிக் காட்டுனியாமே?”

என் வாங்கு பின்வரிசையில், சுவரோரம். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவனுடைய பிடரி தெரியும். மாமா எனக்கு எதிரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். எப்போதும் கேலி செய்கிற மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமா சின்னம்மா, காட்டினேன்” என்றேன்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகு, தான் தந்திருந்த பணத்தில் எவ்வளவு செலவானது என்று அப்பா கேட்டார். எழுதிக் கூட்டிச் சொன்னேன். இரண்டு பேருக்கும் போகவர கோச்சிக்கும் கப்பலுக்கும், நோய்த்தடுப்புக்காக மண்டபம் முகாமில் இருந்த நாளைக்கும், கருமாதிக்கும் எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு ரூபாய் நாற்பது சதம்.