விரதகாலத்து ரப்பர் மீன்

சந்நிதிக் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. மீன்சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொட்டிலில் கவிழ்த்து வைத்துவிடுவோம். பிரிஜ்ஜைத் துடைத்து மஞ்சள்தண்ணீர் தெளிப்பாள் என் மனைவி. நானும் அந்த நாட்களில் தூண்டிலைத் தொடுவதில்லை. தூண்டில்தடி விறாந்தையில் சாத்தியிருந்தால்கூட அவளுக்குப் பிடிக்காது.

"இஞ்சேருங்கோ, உதை அங்காலை கொண்டுபோய் வையுங்கோ. பாக்கவே மச்சம் மணக்குது."

கொண்டுபோய் வைப்பேன். விரதம் என்றால் விரதம்தான்.

நான் மேசன் வேலை செய்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் கதை வராது. கலியாண வீடுகளில்கூடப் பந்தலின் பின்பக்கம், தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். வேலை முடிந்த பின்னேரங்களில் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டு தனியே இருப்பேன். அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிடித்ததைக் கொண்டுவந்து கறி வைப்போம். கறிக்குப் போதுமென்றால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன்.

போன திருவிழாவுக்கு என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வந்தார். மகனுக்குக் கடும் வருத்தம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மாறியிருந்தது. மாறினால் சந்நிதிக்கு வந்து செடில் குத்திக் காவடி எடுப்பேன் என்று நேர்த்தி வைத்திருந்தாராம். முதுகில் கொழுக்கிகளைக் குத்தி, அவற்றில் கட்டிய கயிற்றைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க ஆடுகிற காவடி அது. நேர்த்திக்கு வந்தவர் என்பதால் அவரும் எங்களோடு மரக்கறிதான் சாப்பிட்டார். காலையில் குளித்துத் திருநீறு பூசினார். அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அவருடைய சூட்கேசில் வேட்டி சால்வையோடு ஒரு தூண்டில் பெட்டியும் வந்திருந்தது.

அதை அவர் முற்றத்தில் விரித்துக் காட்டினார். தட்டுத் தட்டாக இழுபட்டுத் திறக்கிற பெட்டி. உள்ளே ரப்பர் மீன்கள், ரப்பர் புழுக்கள், நண்டுபோலக் கால்வைத்த ரப்பர், கண்ணும் செதிலும் கீறிய பிளாஸ்டிக் மீன்கள். கனடாவில் குளங்களில் ஸ்மோல்மவுத் பாஸ் என்றொரு மீனாம். கல்லும் பாறையும் கிடக்கிற குளிர்தண்ணீரில் இருக்குமாம். கற்களுக்கிடையில் திரிகிற ஒருவகை இறாலைத் தேடித் தின்னுமாம். அதனால் மண்ணிற ரப்பரைக் கல்லில் தட்டித் தட்டி இழுக்க வேண்டுமாம். வெயில் அடித்தால் வெள்ளி நிறம், மங்கினால் கறுப்பு. பிளாஸ்டிக் மீனென்றால் இழுத்து, நிறுத்தி, பிறகு இழுக்க வேண்டும்.

"நிப்பாட்டேக்கைதான் அத்தான் அடிப்பான். காயப்பட்ட மீனெண்டு நினைப்பான்."

இதெல்லாம் எனக்குப் புதிது. நான் உயிர் இறாலின் வாலில் தூண்டில் முள்ளைக் கோத்து, அது துடிக்க விடுவேன். கொடுவாய் மீனுக்கு மணலை மீன்குஞ்சு. விளைமீனுக்குக் கணவாய்த் துண்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் மணக்கிற இரை, தெளிந்திருந்தால் அசைகிற இரை. கொடுவாய் இரையை எடுத்தவுடன் சுண்டக்கூடாது, கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். இழுத்து நிறுத்துவது என்ற விசயம் நல்ல விசயம் என்று எனக்குப் பட்டது. அவரிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்குப் போவம்," என்றார்.

"கொடி ஏறியிட்டுது மச்சான்."

"அதுக்கென்ன? இது பிளாஸ்டிக்தானே. உயிர் இரை இல்லை. பிடிக்கிறதையும் திருப்பி விட்டிடுவன். கொல்லுறதும் இல்லை, தின்னுறதும் இல்லை. முழுச் சைவம் அத்தான்!"

நான் மனைவியைப் பார்த்தேன். தூண்டில்தடியில் மச்சம் மணக்கிறது என்று சொன்னவள் அவள். இப்போது உளுந்து களைந்துகொண்டே சொன்னாள்: "அவன் சொல்லுறதும் சரிதானே. பிளாஸ்டிக் தானே. எத்தினை வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறான், கூட்டிக்கொண்டு போங்கோவன்."

எனக்கு அப்போதே கொதி வந்தது. மச்சத்தில் எனக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டமா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் அந்தச் சந்தோசத்தைக் கண்டு கனகாலம்.

பாலத்தடிக்குப் போனோம். கோயில் பக்கம் வேண்டாம் என்று நான் சொன்னதால் எதிர்க்கரைக்கு வந்தோம். நான் தூண்டில் கொண்டுபோகவில்லை, கல்லில் இருந்து பார்த்தேன். அவருடைய தங்கூசி நூல் தலைமயிர்போல மெல்லியது.

"மச்சான், இந்த நூல் இஞ்சை காணாது. கொடுவாய் வந்தால் கனநேரம் இழுபடும்."

"அதுதானே அத்தான் பகிடி! மொத்த நூலெண்டால் உடனை வந்திடும். மெல்லிசெண்டால்தான் சண்டை பிடிப்பான்."

முள்ளில் பின்பக்கமாக நிற்கிற சிறு முனையைக் குறட்டால் நசுக்கியிருந்தார். கழற்றும்போது காயம் வராதாம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது.

முதலில் மண்ணிற ரப்பரைப் போட்டார். ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளி நிறப் பிளாஸ்டிக் மீனை மாட்டிப் பாலத்தில் கடல்தண்ணீரை மறிக்கிற கதவுகளின் பக்கம் எறிந்தார். இழுத்தார், நிறுத்தினார். நிறுத்தியதும் தண்ணீர் வெடித்தது.

கொடுவாய். வெள்ளித் தகடுபோல மேலே எழும்பித் தலையை உதறியது. நான் அந்தப் பாலத்தடியில் இவ்வளவு பெரியதை என் தூண்டிலில் கண்டதில்லை. என்னை அறியாமல் எழும்பிவிட்டேன். அந்த நேரம் அவர் பிடிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் அதை முடிக்கவில்லை. முடிக்கவும் முடியாது, நூல் அப்படி. அது ஓட விட்டார், இழுத்தார், மறுபடி ஓட விட்டார். நல்ல வெயில். ஆவணியில் ஆழமில்லாத இந்தக் களப்புத் தண்ணீர் கைவைத்தால் சுடும். மீன் எழும்பிப் பாயாமல் பக்கவாட்டில் சரியத் தொடங்கியது. அவரோ சிரித்தபடி, "பாருங்கோ அத்தான், பாருங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார். கரைக்கு வரும்போது அது துடிக்கக்கூட இல்லை.

"கெதியா விடும் மச்சான்."

"ஒரு போட்டோ. ஒண்டே ஒண்டு."

கைபேசியை என்னிடம் தந்தார். மீனைத் தூக்கிப் பிடித்து ஒன்று. முத்தம் கொடுத்து ஒன்று. பிறகு கைபேசியை வாங்கிக் கனடாவில் இருக்கிற கூட்டாளியை வீடியோவில் கூப்பிட்டார். அந்தக் கூட்டாளி எடுக்கவில்லை, மச்சான் இன்னொருவரைக் கூப்பிட்டார். மீனின் செவுள் திறந்து திறந்து மூடியது. நான், "விடும், விடும்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

விட்டார். அது வயிறு மேலே தெரியப் புரண்டது.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மீனை நிமிர்த்தி, தண்ணீர் செவுளுக்குள் போகட்டும் என்று முன்னும் பின்னுமாக அசைத்தேன். சில நேரம் ஒரு துடிப்பு வந்தது. பிறகு அதுவும் இல்லை. என் கைக்குள் சும்மா கிடந்தது.

"விடுங்கோ அத்தான். காகம் கீகம் தின்னும்."

காகம் கீகம். ஒரு வீட்டுக்கு இரண்டு நேரக் கறி. கொல்லுவதும் இல்லை, தின்னுவதும் இல்லை என்றவர் கொன்றுவிட்டார், தின்னவும் மாட்டார். பசிக்குப் பிடிக்கிறவனின் பாவத்தைச் சாமி பொறுக்கும் என்று நினைத்து வாழ்கிறவன் நான். இதை எந்தச் சாமி பொறுக்கும்? செவுளுக்குள் விரலைக் கொடுத்து மீனைத் தூக்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் தின்னுகிறவர் எவர் கையிலாவது சேர்க்காமல் விடமாட்டேன் என்று தெருவில் ஏறினேன்.

தெருவெல்லாம் சந்நிதிக்குப் போகிற சனம். வெறுங்கால், ஈரத்தலை, கையில் அர்ச்சனைத் தட்டு. அவர்களுக்கு எதிரே நான், வால் நிலத்தில் முட்டுகிற கொடுவாயோடு. பின்னால் அவர், தடியை உறைக்குள் போட்டுத் தோளில் மாட்டி, துப்புரவாக. ஆட்கள் விலகினார்கள். ஒருத்தி பிள்ளையின் கண்ணைத் திருப்பினாள். ஒரு பெடியன் சைக்கிளில் போகிற போக்கில் கத்தினான்: "என்ன அண்ணை, கொடி ஏறினாலும் கொடுவாய் கையை விட்டு இறங்கேல்லையோ!"

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மனிசி ஒருத்தி நின்றாள். என் மனைவியோடு கோயிலுக்குப் போகிறவள்.

"அண்ணை, நீங்களோ? உங்கடை வீட்டிலை விரதமெல்லே? ஒரு கிழமை பொறுக்கேலாமல் போச்சுதோ?"

அவர் சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"என்னக்கா செய்யிறது? அத்தானுக்கு நாக்கு நிக்கேல்லை."

அவளும் சிரித்தாள். பின்னால் வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. திரும்பிப் போய் அந்த மீனை அவர் நெஞ்சோடு வைத்து அழுத்தினேன். விழாமல் இருக்க அவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வெள்ளைச் சேட்டில் மீனின் சளியும் இரத்தமும் பிரண்டன.

"பிடியும். உம்மடை மீன். ஆர் பிடிச்சதெண்டு உந்தத் தங்கச்சிக்குச் சொல்லும்."

"அத்தான், பகிடிக்குத்தானே…"

"போனைத் திறந்து காட்டும்! முத்தம் குடுத்துப் படம் எடுத்தனீர், அதைக் காட்டும்! ஆரின்ரை நாக்கு நிக்கேல்லை?"

தெருவில் நான் இப்படிக் கத்தியது என் ஆயுளில் அதுதான் முதல். சனம் நின்றுவிட்டது. பாலத்துப் பக்கமிருந்த மரநிழலில் ஓட்டோவை விட்டுவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். குருநகரிலிருந்து கோயிலுக்கு ஆட்களை ஏற்றி வந்தவர், கழுத்தில் சிலுவை.

"என்ன பிரச்சினை? மீன் ஆரின்ரை?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ரை," என்றார் மச்சான், நிலத்தைப் பார்த்து. "நான்தான் பிடிச்சனான். அத்தான் தூண்டிலே கொண்டு வரேல்லை. விடத்தான் பாத்தனான், செத்துப்போச்சு."

ஓட்டோக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கிடக்கு. உங்களுக்கு வேண்டாமெண்டால் தாருங்கோ. எங்களுக்கு இப்ப தவக்காலம் இல்லை." ஒரு உரப்பையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு போனார். அந்த மனிசி தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் மனைவி அழுதாள். நடந்ததை எல்லாம் அவரே அவளுக்குச் சொன்னார். அதற்குப் பிறகும் அவள் கோபம் என்மேல்தான்.

"நேர்த்திக்கு வந்த பிள்ளை. ரோட்டிலை வைச்சு அவன்ரை மானத்தை வாங்கிப்போட்டியள்."

"என்ரை மானமும் அந்த ரோட்டிலைதான் கிடந்தது," என்றேன்.

அவர் கோயில் பூசகரிடம் கேட்டு ஏதோ பரிகாரம் செய்தார். காவடி நாளன்று விடிய எல்லோரும் கோயில் வீதிக்குப் போனோம். அவர் குளித்த ஈரத்தோடு குந்தியிருக்க, முதுகில் ஒவ்வொன்றாகக் குத்தினார்கள். செடில் கயிறு பிடிப்பது மச்சான்மாரின் வேலை. அவர் கழுத்தைத் திருப்பி, "அத்தான், கயிறு பிடிக்கிறியளோ?" என்று கேட்டார். நல்ல மாதிரித்தான் கேட்டார். மனைவியும் என் கையைத் தொட்டாள்.

மேளம் தொடங்கியிருந்தது. நான் மாட்டேன் என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அந்தக் கயிறு என் கையில் இருந்தால் நான் எப்படி இழுப்பேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.